எக்ஸ்870இ மதர்போர்டுகளுக்காகக் காத்திருக்கலாமா, கையிலுள்ள பணத்துக்கு எக்ஸ்670இ-யையே வாங்கிவிடலாமா?

கோவை_மின்பட்டறை | 14 செப்டம்பர் 2024, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம்.

ஏஎம்டி பிராசசர்களைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட் கடைகளுக்குப் புதிதாக வந்த 2017ஆம் ஆண்டில் நான் வாங்கிய எக்ஸ்370 மதர்போர்டு இன்றும் என் மேசையில் பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. ரைசன் 7 1700 பிராசசருடன் தொடங்கி, 2022ஆம் ஆண்டில் அந்தப் பழைய பலகைகளுக்கும் 5000 வரிசை பிராசசர்களுக்கான பயாஸ் (பலகையை இயக்கும் அடிப்படை மென்பொருள்) கிடைத்தபோது, அதே பலகையிலேயே ரைசன் 9 5900எக்ஸைப் பொருத்தினேன். கணினியின் உறுப்புகளில் எதை வாங்கும்போது மிகுந்த நிதானம் வேண்டும் என்று என்னைக் கேட்டால் மதர்போர்டு என்றே சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள முடியும், பலகையை மாற்றுவதென்றால் கணினி முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்த நேரம் வந்துவிட்டது. திருமணக் காணொளிகளைத் தொகுப்பதும் அவற்றின் நிறத்தைச் சீர்செய்வதும் என் தொழில். பிராசசரையும் ரேமையும் வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் வேலை பதினைந்து ஆண்டுகளாக என்னை விட்டு நீங்காத விருப்பம். ரைசன் 9 9950எக்ஸ் பிராசசரும் 96 ஜிபி ரேமும் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். கையில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு தொடரும். மதர்போர்டுக்கு மட்டும் அறுபத்தைந்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். ஜூன் மாதம் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் ஏஎம்டி நிறுவனம் எக்ஸ்870இ சிப்செட்டை (பலகையின் இணைப்புகளை நிர்வகிக்கும் சில்லுத் தொகுப்பு) அறிவித்த நாளிலிருந்து அதற்காகவே காத்திருக்கிறேன். ஆகஸ்டில் 9950எக்ஸ் விற்பனைக்கு வந்துவிட்டது. பலகைகள் செப்டம்பர் 30 முதல் கிடைக்கும் என்கிறார்கள். நிறுவனங்கள் வெளியிட்டிருக்கும் படங்களை இரவு நேரங்களில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இங்கே சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பலகையிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுகளுக்குத் திருகாணி இல்லாமல் பூட்டக்கூடிய மூடிகள், பிழை எண்ணைக் காட்டும் சிறு திரை, பின்பக்கத்தில் இரண்டு யூஎஸ்பி4 துளைகள் என்று ஒவ்வொன்றும் நெடுநாள் நான் விரும்பியவை.

ஆனால் கடைக்காரர் வேறொரு கணக்கைச் சொல்கிறார். சென்ற தலைமுறையின் உயர்தர எக்ஸ்670இ பலகை ஒன்று அவரிடம் இருப்பில் உள்ளதாம். புதியவை வருவதற்குள் அதை விற்றுவிட வேண்டும் என்பதால், நான் ஒதுக்கியதில் மூன்றில் இரண்டு பங்குக்கே தருவதாகச் சொல்கிறார். எனக்கு வேண்டியவை மூன்றுதான். படப்பிடிப்பு முடிந்து வரும் கோப்புகளை வெளிப்புற எஸ்எஸ்டியிலிருந்து விரைவாக ஏற்ற வேண்டும். உள்ளே இரண்டு எம்.2 எஸ்எஸ்டிகளாவது முழு வேகத்தில் இயங்க வேண்டும். பிராசசரை இன்னொரு முறையாவது மாற்றிக்கொண்டு அதே பலகையில் ஐந்தாறு ஆண்டுகள் ஓட்ட வேண்டும். இந்த மூன்றுக்கும் எக்ஸ்870இ உண்மையிலேயே கூடுதலாக எதையாவது தருகிறதா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தடம்_வரைபவன் | 14 செப்டம்பர் 2024, பிற்பகல் 1.15

வணக்கம், கோவை நண்பரே. பெங்களூரில் மின்சுற்றுப் பலகை வடிவமைப்பில் பணிபுரிகிறேன். கணினி மதர்போர்டுகளை நான் வரைவதில்லை என்றாலும், அவற்றின் வரைபடங்களைப் படிப்பது எனக்குப் பிடித்தமான வேலை. உங்கள் கேள்விக்கு விடை சிப்செட்டின் பெயரில் இல்லை, பிராசசரிலிருந்து புறப்படும் தரவுப் பாதைகளை ஒவ்வொரு பலகையும் எப்படிப் பங்கிட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிப்செட்டை முடித்துவிடுவோம். எக்ஸ்670இ பலகைகளில் இருப்பது ஏஎஸ்மீடியா நிறுவனம் உருவாக்கிய புரொமன்டரி 21 என்ற சில்லு இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட அமைப்பு. எக்ஸ்870இ பலகைகளில் இருப்பதும் அதே புரொமன்டரி 21 இரண்டுதான். இரண்டாவது சில்லின் போக்குவரத்து முதல் சில்லின் வழியாகவே பிராசசரை அடைகிறது. அங்கிருந்து பிராசசருக்குச் செல்லும் இணைப்பு நான்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 (நான்காம் தலைமுறை) பாதைகள், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. சிப்செட்டின் பின்னால் நீங்கள் பொருத்தும் எம்.2 எஸ்எஸ்டிகள், சாட்டா இயக்கிகள், பெரும்பாலான யூஎஸ்பி துளைகள், கம்பிவழி வலையமைப்பு எல்லாமே இந்த ஒரே வாய்க்காலில் தண்ணீர் பிடிக்கின்றன. 2022இல் இருந்த இந்த நிலை 2024இலும் மாறவில்லை.

அப்படியானால் புதியது என்ன? எக்ஸ்870, எக்ஸ்870இ என்று பெயர் பெறும் எந்தப் பலகையிலும் 40 கிகாபிட் வேக யூஎஸ்பி4 கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஏஎம்டி விதித்திருக்கிறது. சென்ற தலைமுறையில் இது பலகை செய்பவரின் விருப்பமாக இருந்தது. ஏசஸ் நிறுவனத்தின் கிராஸ்ஹேர் எக்ஸ்670இ ஹீரோ, புரோஆர்ட் எக்ஸ்670இ கிரியேட்டர் போன்றவற்றில் அப்போதே யூஎஸ்பி4 இருந்தது. வேறு பலவற்றில் இல்லை. ஆகவே உங்கள் கடைக்காரர் காட்டும் பலகை எது என்பதை முதலில் கேட்டறியுங்கள். அதில் யூஎஸ்பி4 இருந்தால் உங்கள் முதல் தேவை அங்கேயே நிறைவேறிவிடுகிறது. வழக்கமான 10 கிகாபிட் துளையில் நொடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரை ஏற்றலாம். நல்ல யூஎஸ்பி4 எஸ்எஸ்டி உறையில் 3 ஜிபி-க்கு மேல் கிடைக்கிறது. ஒரு திருமணத்துக்கு ஒரு டெராபைட் கோப்பு வருமென்றால், பதினேழு நிமிட வேலை ஐந்தாறு நிமிடங்களில் முடியும். இது உங்கள் தொழிலில் உண்மையான பயன்.

இப்போது பாதைகளின் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் பலரும் ஏமாந்துபோகும் இடம் இதுதான். ஏஎம்4-க்கு அடுத்து வந்ததும் இவ்விரு பலகைகளிலும் உள்ளதுமான ஏஎம்5 சாக்கெட்டின் பிராசசரிலிருந்து 28 பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 (ஐந்தாம் தலைமுறை) பாதைகள் வெளிவருகின்றன. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கு 4, சிப்செட்டுக்கு 4, பலகை செய்பவர் விரும்பியபடி பயன்படுத்திக்கொள்ள 4. யூஎஸ்பி4 இல்லாத பல எக்ஸ்670இ பலகைகளில் இந்தக் கடைசி நான்கும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டுக்குச் சென்றன. அதனால் இரண்டு ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டிகளைப் பொருத்தினாலும் கிராபிக்ஸ் கார்டு தன் 16 பாதைகளையும் இழக்கவில்லை. எக்ஸ்870இ பலகைகளில் அந்த நான்கு பாதைகளை யூஎஸ்பி4-இன் கட்டுப்பாட்டுச் சில்லு எடுத்துக்கொள்கிறது. பிறகு இரண்டாவது ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டுக்கு எங்கிருந்து பாதை கிடைக்கும்? கிராபிக்ஸ் கார்டின் பதினாறிலிருந்துதான். அந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டியைச் செருகியவுடன் கார்டின் ஸ்லாட் 16இலிருந்து 8ஆகக் குறைந்துவிடும். வேறு சில பலகைகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டும் யூஎஸ்பி4-உம் அந்த நான்கு பாதைகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றைப் பயன்படுத்தும்போது மற்றொன்று பாதி வேகத்துக்கு இறங்குகிறது.

உங்கள் 4090 ஒரு நான்காம் தலைமுறை கார்டு. அது 8 பாதைகளில் இயங்கினால் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி கிடைக்கும். விளையாட்டுகளில் இதனால் வரும் இழப்பு மிகச் சிறியது. காணொளி வேலையில் கார்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே கோப்புகள் இடைவிடாமல் போய்வருவதால் சற்றே கூடுதலாகத் தெரியலாம். நான் வருந்துவது இழப்பின் அளவைப் பற்றியன்று. விலையுயர்ந்த பலகை வாங்கும் ஒருவர், விளம்பரத்தில் 'மூன்று ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டுகள்' என்று படித்துவிட்டு, மூன்றையும் நிரப்பிய பிறகுதான் தன் கார்டு பாதி அகலத்தில் ஓடுவதை அறிகிறார் என்பதுதான் எனக்கு ஏற்பில்லாதது. இது எல்லாப் பலகைகளின் கையேட்டிலும் அச்சாகியிருக்கும். விவரப்பட்டியலின் அடிக்குறிப்பையும் கையேட்டின் தொடக்கப் பக்கங்களில் வரும் கட்ட வரைபடத்தையும் படிக்காமல் எந்த எக்ஸ்870இ பலகைக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மின்வழங்கல் பகுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். 9950எக்ஸ் பிராசசருக்கு ஏஎம்டி வகுத்துள்ள உச்சவரம்பு சாக்கெட்டில் 230 வாட். தொடர்ச்சியான மின்னோட்டம் 160 ஆம்பியர், கணநேர உச்சம் 225 ஆம்பியர். கிராஸ்ஹேர் எக்ஸ்870இ ஹீரோவில் பிராசசரின் உட்கருக்களுக்கு மட்டும் தலா 110 ஆம்பியர் தாங்கக்கூடிய 18 மின்நிலைகள் (மின்சாரத்தைப் பங்கிட்டு வழங்கும் சில்லுகள்) தரப்பட்டுள்ளன. கூட்டிப் பார்த்தால் 1980 ஆம்பியர். முழுச்சுமையிலும் ஒவ்வொரு நிலையும் ஒன்பது ஆம்பியர் அளவே சுமக்கும். அதனால் குளிர்ச்சியாகவும் குறைந்த விரயத்துடனும் இயங்கும். திரவ நைட்ரஜன் ஊற்றி ஓவர்கிளாக் செய்பவருக்கு அந்த இருப்பு தேவைப்படும். காற்றாலோ நீராலோ குளிர்விக்கும் உங்களுக்கு, இதில் பாதி இருந்தாலும் போதும். பழைய எக்ஸ்670இ உயர்தரப் பலகைகள் எதுவும் இந்த வகையில் குறைந்தவை அல்ல.

புதிய பலகைகளில் பெருமையாகச் சொல்லப்படும் வைஃபை 7 பற்றி ஒரே வரி: அதன் முழுப் பயனுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும், இந்தியாவில் 2024 செப்டம்பர் நிலவரப்படி அதை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதி இல்லை. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

சிராங்கூன்_ரேம் | 14 செப்டம்பர் 2024, இரவு 10.52

தடம் அண்ணா எழுதியதில் நான் மறுக்க எதுவும் இல்லை, ஆனால் ஓவர்கிளாக் பற்றி அவர் மின்வழங்கலோடு நிறுத்திவிட்டார். இன்றைக்கு ஏஎம்5 பலகைகளின் தரத்தைப் பிரித்துக் காட்டுவது நினைவகம்தான் என்பது என் துணிவான கருத்து. சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைத்தொகுதியில் பலகை வாங்கி, வார இறுதிகளில் ரேமின் நேர அளவுகளை (தாமத அமைப்புகளை) தீட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கோவை அண்ணா, 96 ஜிபி வேண்டும் என்கிறீர்கள். நான்கு 24 ஜிபி ரேம் குச்சிகளாக வாங்கிவிடாதீர்கள். இரண்டு 48 ஜிபி குச்சிகளாகவே வாங்குங்கள். 9000 வரிசை பிராசசருக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு குச்சிகளுக்கு டிடிஆர்5-5600, நான்கு குச்சிகளுக்கு வெறும் 3600. இதற்குக் காரணம் பலகையின் செம்புத் தடங்களில் இருக்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள பலகையில் ஒவ்வொரு தடமும் பிராசசருக்கு அருகிலுள்ள ஸ்லாட்டைக் கடந்துதான் தொலைவிலுள்ள ஸ்லாட்டை அடைகிறது. இரண்டு குச்சிகள் மட்டும் இருந்தால் அவற்றைத் தொலைவிலுள்ள ஸ்லாட்டுகளில் செருகச் சொல்வது அதனால்தான். அருகிலுள்ளதில் செருகினால் தடத்தின் மிச்சப் பகுதி வால்போல் நீண்டு நின்று, சமிக்ஞையை எதிரொலித்துத் திருப்பி அனுப்புகிறது. நான்கையும் நிரப்பினால் பிராசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சுமை இரட்டிப்பாகிறது.

ஆகவே ரேம் ஓவர்கிளாக்கையே முதன்மையாகக் கருதுபவருக்கு ஏற்றது இரண்டு ஸ்லாட் மட்டுமே உள்ள பலகை. சென்ற தலைமுறையில் ஏசஸின் கிராஸ்ஹேர் எக்ஸ்670இ ஜீன், கிகாபைட்டின் பி650இ ஆரஸ் டாக்கியான் இரண்டும் அப்படி வந்தன. எக்ஸ்870இ-யில் அப்படியொரு பலகைக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். இதுவரை காட்டப்பட்டவற்றில் என் மனத்துக்கு நிறைவானது எதுவும் இல்லை. உங்களுக்கோ அது தேவையில்லை. டிடிஆர்5-6000இல், நினைவகமும் அதன் கட்டுப்பாட்டுப் பகுதியும் 3000 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் அமைப்புதான் அன்றாட வேலைக்குச் சிறந்தது. பிராசசரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்து 6400 வரை அந்த இணைநிலையைத் தக்கவைக்கலாம். 8000 என்று பெட்டியில் அச்சிட்டுக் கவரும் வேகங்களுக்குச் சென்றால் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அங்கே பெற்றதில் பெரும்பகுதி இங்கே கரைந்துவிடும். புதிய பலகைகள் 8000-ஐ எளிதாக எட்டுகின்றன என்பது உண்மையே. 96 ஜிபி நிரப்பிக் காணொளி தொகுப்பவருக்கு அதனால் ஆகப்போவது குறைவு என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இன்னொன்று. எந்தப் பலகை வாங்கினாலும், முதன்முறை இயக்கும்போது திரை பல நிமிடங்கள் இருண்டே இருக்கும். நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளும் வேலை நடக்கிறது. பலகை பழுது என்று நினைத்து இடையில் மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

ரிச்சித்தெரு_1996 | 15 செப்டம்பர் 2024, காலை 7.05

தம்பிகள் இருவரும் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். சென்னை ரிச்சி தெருவில் கணினி பூட்டிக் கொடுப்பதில் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அந்த அனுபவத்திலிருந்து இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

புதிய பலகை எவ்வளவு உயர்தரமாக இருந்தாலும் அதன் முதல் பயாஸ் முதிர்ந்த பயாஸ் அல்ல. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கூடுதல் கேச் நினைவகம் அடுக்கிய எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டோடு சேர்ந்து கருகிய செய்தி வந்தபோது ஏஎம்5 வெளியாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகுதான் பிராசசரில் நினைவகக் கட்டுப்பாடு உள்ளிட்டவை அமைந்த எஸ்ஓசி பகுதிக்கான மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ்கள் எல்லாப் பலகைகளுக்கும் வந்தன. இன்று எக்ஸ்670இ பலகை வாங்குபவர் அந்தப் பாடங்கள் அனைத்தும் அடங்கிய பயாஸோடு தொடங்குகிறார். எக்ஸ்870இ-யில் சில்லுகள் பழையவை என்பதால் அந்த அளவுக்கு அச்சம் வேண்டாம். ஆயினும் யூஎஸ்பி4-உம் பாதைப் பகிர்வும் புதிதாக எழுதப்பட்டவை, அவை நிலைபெற ஓரிரு மாதங்கள் ஆகும். முதல் வாரத்தில் வாங்க ஓடாதீர்கள் என்பது என் கருத்து. ஒருவேளை பழைய பலகையையே எடுப்பீர்களானால், அது 9000 வரிசைக்கு முந்தைய பயாஸோடு பெட்டியில் இருக்கலாம். பிராசசர் இல்லாமலேயே பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் ஃபிளாஷ்பேக் வசதி அந்தப் பலகையில் உள்ளதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இரண்டாவது, ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகளும் பலகையின் பக்கமே இருக்கின்றன. நீங்கள் ஏஎம்4-இல் பழகியவர். அங்கே ஊசிகள் பிராசசரில் இருந்தன, வளைந்தால் பிராசசர்தான் போகும். இங்கே வளைந்தால் அறுபதாயிரம் ரூபாய்ப் பலகை போகும், வளைந்த ஊசிக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கிடைக்காது. பில் போடுவதற்கு முன் கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, மூடியை விலக்கி, கைபேசி விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து ஊசி வரிசைகளைப் பாருங்கள். வரிசை ஒழுங்காக இருந்தால் வயல் நாற்றுபோல் ஒரே சீராக மின்னும். ஒன்று சாய்ந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். என்னிடம் வந்த வாடிக்கையாளர் ஒருவர் இணையத்தில் வாங்கிய பலகையை ஒரு வாரம் கழித்துப் பிரித்து, மூலையில் இரண்டு ஊசிகள் படுத்திருப்பதைக் கண்டு, யாரிடமும் முறையிட வழியின்றி நின்றார். வரிசை எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும் இந்தியாவுக்கான உத்தரவாதமும் இல்லாத பலகையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

தடம்_வரைபவன் | 15 செப்டம்பர் 2024, காலை 11.30

ஐயா சொன்ன பயாஸ் செய்தியை ஏற்கிறேன்; ஆனால் 'பழையதே பாதுகாப்பு' என்று கோவை நண்பர் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஏஎம்5 சாக்கெட்டை 2027-ஐத் தாண்டியும் ஆதரிப்பதாக ஏஎம்டி இந்த ஜூன் மாதம் அறிவித்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் என்ன நடந்தது என்பதை ஏஎம்4 வைத்திருந்த நாம் அனைவரும் அறிவோம்: 400 வரிசைப் பலகைகளில் அடுத்த தலைமுறை பிராசசர்கள் இயங்கா என்று முதலில் அறிவித்தார்கள், பயனர்கள் எதிர்த்த பிறகு அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். பயாஸ் சில்லின் கொள்ளளவு போதாது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். எதிர்காலத்தில் அப்படியொரு நெருக்கடி வந்தால் முதலில் கைவிடப்படுவது மூத்த பலகையாகத்தான் இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் ஓட்ட வேண்டும் என்ற அவருடைய மூன்றாவது தேவைக்கு, இரண்டு ஆண்டு இளைய பலகை என்பது சிறிதே ஆனாலும் உண்மையான சாதகம்.

கோவை_மின்பட்டறை | 27 அக்டோபர் 2024, மாலை 6.20

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. முடிவைச் சொல்லாமல் போவது முறையன்று என்பதால் திரும்பி வந்திருக்கிறேன்.

கடைக்காரரின் எக்ஸ்670இ பலகையில் யூஎஸ்பி4 இல்லை என்பது விசாரித்ததும் தெரிந்துவிட்டது. அதோடு அதை விட்டுவிட்டேன். பிறகு புதிய பலகைகளின் கையேடுகளை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கி, பாதைப் பகிர்வை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். கிராஸ்ஹேர் எக்ஸ்870இ ஹீரோவிலும் எக்ஸ்870இ ஆரஸ் மாஸ்டரிலும் மூன்று ஐந்தாம் தலைமுறை எம்.2 ஸ்லாட்டுகள் உள்ளன. ஆனால் தடம் நண்பர் முன்கூட்டியே சொன்னதுபோல, இரண்டாவதையோ மூன்றாவதையோ நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டு 8 பாதைகளுக்கு இறங்குகிறது. ஏஎஸ்ராக்கின் எக்ஸ்870இ டைச்சியில் ஐந்தாம் தலைமுறை ஸ்லாட் ஒன்றுதான். மற்ற மூன்றும் நான்காம் தலைமுறை. விவரப்பட்டியலில் பார்க்கும்போது இது குறைவாகத் தோன்றுகிறது. ஆனால் எம்.2 ஸ்லாட்டுகள் அனைத்தையும் நிரப்பினாலும் கார்டு முழு 16 பாதைகளிலேயே இருக்கிறது, யூஎஸ்பி4 துளைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. என் வேலையில் ஒரே ஒரு எஸ்எஸ்டிதான் உச்ச வேகத்தில் இருக்க வேண்டும் என்பதும், இரண்டாவதில் இருப்பது முடிந்துபோன வேலைகளின் கோப்புகளே என்பதும் அந்தத் தாளை எழுதி முடித்தபோதுதான் எனக்கே தெளிவானது. எது கூடுதலாக இருக்கிறது என்றே நான்கு மாதங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; எதற்கு எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிய இரண்டே இரவுகளில் டைச்சி என்று முடிவாகிவிட்டது.

ஐயாவின் சொல்லைக் கேட்டு முதல் வாரத்தில் வாங்கவில்லை. அதற்குள், பயாஸுக்கு ஏஎம்டி தரும் அடிப்படை நிரலான ஏஜிசாவின் 1.2.0.2 பதிப்பில் அமைந்த பயாஸ் வந்துவிட்டது. 9900எக்ஸ், 9950எக்ஸ் பிராசசர்களில் உட்கருக்களுக்கு இடையிலான தாமதத்தைக் குறைத்த பதிப்பு அதுதான். சென்ற வாரம் கடையிலேயே பெட்டியைத் திறந்து, கைபேசி விளக்கைச் சாய்த்து 1718 ஊசிகளையும் பார்த்த பிறகே பில் போடச் சொன்னேன். கடைப் பையன் பொறுமையாக மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதல்முறை மின்சாரம் கொடுத்தபோது திரை இருண்டே இருந்தது. சிராங்கூன் தம்பி எழுதியதை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பலகையிலிருந்த சிறு திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன, கடைசியில் பயாஸ் பக்கம் தோன்றியபோது 2017இல் முதல் ரைசனைப் பூட்டிய இரவில் ஏற்பட்ட அதே மகிழ்ச்சி ஏற்பட்டது. இரண்டு 48 ஜிபி குச்சிகளும் 6000இல் இணைநிலையில் அசையாமல் நிற்கின்றன. 6400இல் விண்டோஸ் வரை வருகிறது, ஆனால் நினைவகச் சோதனையில் இரண்டு மணி நேரத்துக்குள் பிழை காட்டுகிறது. 6200-ஐ இன்றிரவு முயல்கிறேன். யூஎஸ்பி4 உறையிலிருந்து 640 ஜிபி திருமணக் கோப்புகளை ஏற்ற மூன்றரை நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆனது. பழைய பலகையில் இதே அளவு ஏறி முடிவதற்குள் தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

பழைய எக்ஸ்370 பலகையையும் 5900எக்ஸையும் என் அக்காள் மகனுக்குக் கொடுக்கிறேன். அவன் கல்லூரியில் கணினிப் பொறியியல் சேர்ந்திருக்கிறான். அதைக் கொடுப்பதற்கு முன் நான் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா, ஐயா?

ரிச்சித்தெரு_1996 | 27 அக்டோபர் 2024, இரவு 8.45

மகிழ்ச்சி, தம்பி. பலகையிலிருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரிக்கு வயது ஏழாகிவிட்டது. மறவாமல் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் மின்தடைக்குப் பின் நேரமும் பயாஸ் அமைப்புகளும் அழிந்து பையன் குழம்புவான். உங்கள் ஓவர்கிளாக் அமைப்புகளை நீக்கி இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். பிராசசரைக் கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு வெப்பப் பசை இளகியதும், மின்சாரத்தை நிறுத்தி, குளிர்விப்பானை நேராகத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். ஏஎம்4-இல் பசை இறுகியிருந்தால் பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு குளிர்விப்பானோடு வந்துவிடும், ஊசிகள் வளைந்துவிடும். புதுப் பசையைப் பையனையே பூசச் சொல்லுங்கள்.

சிராங்கூன்_ரேம் | 27 அக்டோபர் 2024, இரவு 11.10

அண்ணா, 6200-ஐ முயலும்போது எஸ்ஓசி மின்னழுத்தத்தைப் பலகையின் தானியங்கி அமைப்புக்கு விட்டுவிடாமல் 1.2 வோல்ட்டில் நிறுத்தித் தொடங்குங்கள், போதவில்லையென்றால் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள், 1.3 எல்லையை நெருங்க வேண்டியிருந்தால் 6000-க்கே திரும்பிவிடுங்கள். முடிவுகளை நேர அளவுகளோடு இங்கே பதியுங்கள்.